இடைசெவலுக்குக் கிழக்கே ஒரு படகு வியாபாரி

கோவில்பட்டி விற்பனைவரி அலுவலகத்தில் நான் புரட்டிய பதிவேடுகளில் தீப்பெட்டி உண்டு, பஞ்சு உண்டு, மிளகாய் வற்றல் உண்டு, கடலைமிட்டாய் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு மத்தியானம், வேறு எதையோ தேடப்போய், 'படகு வியாபாரம்' என்ற பதிவு கண்ணில் பட்டது. யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் இலாகாவில் விளையாட்டு கிடையாது. இருந்திருந்தால் அதற்கும் மூன்று நகல் கேட்டிருப்பார்கள்.

கோவில்பட்டியில் நின்றுகொண்டு எந்தத் திசையில் கல்லை எறிந்தாலும் அது தண்ணீரில் விழாது. குடிக்கத் தண்ணீர் கிடைத்த அன்று வீட்டில் நல்ல சேதிபோலச் சொல்வார்கள். அங்கே ஒருவர் படகு விற்கிறார். பதிவுச் சான்றிதழ் எண்ணோடு விற்கிறார். முகவரி, இடைசெவலுக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஒரு கிராமம். பதிவு கொடுக்குமுன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்கு முன்பிருந்தவர் பார்த்திருக்கிறார். 'வியாபார இடம் விசாலமானது, காற்றோட்டமானது' என்று எழுதியிருந்தார். நாற்காலியைவிட்டு எழாமல் எழுதும் அறிக்கைகளில் காற்றோட்டம் எப்போதும் நன்றாக இருக்கும்.

அந்த வியாபாரியின் பெயரில் பெரிய வரி பாக்கி நின்றது. கணக்கு எதுவும் தாக்கல் செய்யவில்லை. நோட்டீஸ்களுக்குப் பதில் இல்லை. கடற்கரைப் பக்கத்து அலுவலகம் ஒன்று, 'உங்கள் எல்லையில் இருக்கும் இந்த வியாபாரியிடம் எங்கள் ஊர்ப் படகுக் கம்பெனி இத்தனை படகு வாங்கியிருக்கிறது, வரி வசூலித்துவிட்டீர்களா?' என்று பில் நகல்களோடு கேட்டு எழுதியிருந்தது. அதை வைத்து எங்கள் அலுவலகம் உத்தேசமாக ஒரு தொகை விதித்துவிட்டது. அடுத்தது ஜப்தி. அதற்கான தாக்கீது கிராம முன்சீப்புக்குப் போய், தமுக்கு அடித்து அறிவித்தும் ஆகிவிட்டது. ஜப்தி செய்யத்தக்க சொத்து என்று முன்சீப் அனுப்பிய பதிலில் ஒரே வார்த்தைதான் இருந்தது: செம்மறியாடுகள்.

படகு வியாபாரிக்கு ஆடு எதற்கு? இந்தக் கேள்விதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. கடமை உணர்ச்சி என்று சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். வெறும் குறுகுறுப்புதான்.

மேலே போகுமுன் அன்றைய சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகுக்கு வரி ஒரே ஒரு முறைதான். மாநிலத்துக்குள் முதலில் விற்பவர் கட்ட வேண்டும். அவரிடம் வாங்கி மறுபடி விற்பவர் கட்ட வேண்டியதில்லை. ஆகவே படகு கட்டி விற்கிற கம்பெனிக்காரர், தான் கட்டிய படகையே வேறு யாரிடமோ வாங்கியதாக ஒரு பில் வைத்துக்கொண்டால் போதும். அந்த வேறு யாரோ உயிரோடு இருக்க வேண்டும், அவருக்கு முகவரி இருக்க வேண்டும், கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும். வரி கட்டுவது அவர் பாடு. அவரைத் தேடி ஆள் போவதற்குள் சில வருஷம் ஓடிவிடும். அதற்குள் அடுத்த பெயர் தயாராகிவிடும். இதைக் கண்டுபிடித்தவனை நான் ஒருபோதும் முட்டாள் என்று நினைத்ததில்லை.

புரட்டாசிக் கடைசி. மழை இன்னும் இறங்கவில்லை. இடைசெவலில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கிழக்கே நடந்தேன். பாளம்பாளமாக வெடித்த கரிசலில் வண்டித்தடம் இரும்புபோல இருந்தது. வழியில் பருத்திக்காட்டுக்கு எரு வண்டி ஓட்டிக்கொண்டுபோன சம்சாரி ஒருவரிடம் படகு வியாபாரி வீடு எது என்று கேட்டேன். அவர் மாட்டை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கப்பல் மொதலாளியவா கேக்குதீங்க?" என்றார். "நேரா போங்க. ஆட்டுப் புழுக்கை நாத்தம் வரும். அதான் துறைமுகம்."

ஊருக்குள் அவருக்கு அந்தப் பெயர் தமுக்கு அடித்த அன்றே வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. 'இன்னார் படகு விற்ற வகையில் அரசாங்கத்துக்குப் பாக்கி' என்று தமுக்குக்காரன் உரக்கச் சொன்னபோது, ஊரே நின்று கேட்டு, ஊரே சிரித்திருக்கிறது.

துறைமுகம் என்பது முள் அடைத்த ஆட்டுப்பட்டி. வேப்பமரம் ஒன்று, கிணறு ஒன்று. கிணற்றோரம் ஒரு வள்ளம் கிடந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது, நீளமானது, ஒடுக்கமானது, ஒரு பக்கம் கருத்துத் தேய்ந்தது. கடலில் கிடந்து பழகிய சாமான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அதன் நிறையத் தண்ணீர். இரண்டு பக்கமும் செம்மறிகள் வரிசையாக நின்று குடித்துக்கொண்டிருந்தன. படகுக்குள் தண்ணீர் இருந்தால் அது மூழ்கப்போகிறது என்று அர்த்தம். இது மூழ்க வேண்டுமானால் முதலில் பூமி இளக வேண்டும்.

ஆட்டுக்காரர் நடுவயதைத் தாண்டிய மெலிந்த மனிதர். நான் யார் என்று சொன்னதும் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார். பேசியது அவர் மனைவி. வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஆட்டப் பத்திட்டுப் போகத்தான வந்திருக்கீங்க? பத்திட்டுப் போங்க ஐயா. கூடவே இவரையும் பத்திட்டுப் போங்க. ஒரு மரத்தொட்டிக்குக் கையெழுத்துப் போட்ட மனுசன வச்சு நான் என்ன செய்ய?"

கதை அவளிடமிருந்து கொஞ்சமும் அவரிடமிருந்து கொஞ்சமுமாக வந்தது. கரிசல் ஆட்டுக்காரர்களுக்கு வருஷம் இரண்டாகப் பிரிந்தது. மழைக்காலத்தில் புல் முளைக்கும், ஆடுகள் ஊரில் மேயும். மாசி பிறந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே ஆற்றுப் பாசன வயல்களுக்குப் போய்விடுவார்கள். அறுப்பு முடிந்த வயலில் ராவுக்கு ராவு ஆட்டை அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், ஆட்டுக்காரருக்கு நெல். கோடை முழுக்க அங்கேதான். ஆவணி புரட்டாசியில்தான் திரும்புவார்கள். அப்படி ஒரு கோடையில், ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கமாகக் கிடை போட்டிருந்தபோது, படகு கட்டும் பட்டறை ஒன்றின் வெளியே இந்தப் பழைய வள்ளம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்.

மற்றவர்கள் அதைப் பார்த்தால் படகு என்று நினைப்பார்கள். அவருக்கு அது தொட்டியாகத் தெரிந்தது. ஊரில் அவரிடம் இருந்தது பனைமரத்தைப் பிளந்து குடைந்த தொட்டி. வருஷத்துக்கு ஒன்று இற்றுப்போகும். இதுவோ கடலிலேயே ஊறி இற்றுப்போகாத மரம். தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். பட்டறை மேனேஜர் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, எந்த ஊர், எப்போது திரும்புவீர்கள், கையெழுத்துப் போடத் தெரியுமா என்று அன்பாக விசாரித்திருக்கிறார். தெரியும் என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கிடைக்காரர்களில் மற்ற எல்லாரும் கைநாட்டு. இவர் ஒருவர்தான் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுவார்.

"சும்மா தாரோம், கம்பெனி விசயமா நாலஞ்சு கையெழுத்து மட்டும் போடுங்கன்னாவ," என்றார் ஆட்டுக்காரர். "நாலஞ்சு இல்ல, அதுக்கு மேலதான் போட்டேன். நல்ல தொட்டி ஐயா. நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தேன். நல்ல தொட்டிதான்.

வள்ளம் ஊருக்கு வந்த கதையையும் கேட்டேன். ஆவணியில், தரை காய்ந்திருந்தபோது, மெயின்ரோடு வரை லாரியில் வந்து, அங்கிருந்து இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருக்கிறார்கள். அந்த ஒன்றைத் தவிர வேறு படகு அந்த ஊருக்குள் வந்ததுமில்லை, போனதுமில்லை.

நான் கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். "ஆடு எப்பப் போகும்னு சொல்லிருங்க. செனை ஆடு நெறைய கெடக்கு. வழியில ஈனிட்டா குட்டி கவர்மெண்டுக்கா எங்களுக்கா?"

ஜப்தி செய்த கால்நடை ஈன்றால் குட்டி யாருக்கு என்பதற்கும் விதி உண்டு. எனக்கு அது தெரியும். விசாரிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

எங்கள் மேலதிகாரி மெட்ராஸ்காரர். நாணயமானவர், சுத்தமானவர், அவசரக்காரர். மாதக் கடைசியில் பாக்கி வசூல் பட்டியலை மேலே அனுப்பும்போது மட்டும் அவருக்கு ரத்தக் கொதிப்பு வரும். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"கையெழுத்து அவருடையதுதானே?"

"ஆமாம் சார்."

"மிரட்டி வாங்கினார்களா?"

"இல்லை. தொட்டி கொடுத்து வாங்கினார்கள்."

அப்படியானால் தான் என்ன செய்ய முடியும் என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அந்தப் பில் நகல்களை மேஜையில் பரப்பினேன். எல்லாத் தேதிகளும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் வந்தன. கோடையில் ஒன்றுகூட இல்லை. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். கோடையில் ஆட்டுக்காரர் ஊரில் இருக்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஊர்ப் பக்கத்தில்தானே கிடை கிடந்தார்! ஆள் ஊரில் இருக்கும் மாதங்களாகப் பார்த்து, ஒவ்வொரு படகும் கிராமத்திலிருந்து லாரியில் கிளம்பியதாகப் பொறுக்கிப் பொறுக்கித் தேதி போட்டிருந்தார்கள்.

"மழை மாதங்களில் அந்தக் கரிசல் தடத்தில் லாரி போகாது சார்," என்றேன்.

"ஏன் போகாது?"

"மண் ஒட்டும்."

"மண் ஒட்டும் என்பதற்கு ஃபைலில் ஆதாரம் இருக்கிறதா?"

இல்லை. கரிசல்காட்டில் பிறந்த எவனும் அதற்கு ஆதாரம் கேட்கமாட்டான் என்பதால் எவனும் எழுதியும் வைக்கவில்லை. கடைசியில் ஒரு சலுகை கொடுத்தார்: வாங்கியதாகச் சொல்லும் கம்பெனியை நேரில் விசாரணைக்கு அழைத்துக்கொள்ளலாம், அதுவரை ஆட்டின்மேல் கை வைக்க வேண்டாம், விசாரணையில் ஒன்றும் தேறாவிட்டால் மறுநாளே ஏலம். சம்மனில் விசாரணைத் தேதியை நான்தான் நிரப்பினேன். காலண்டரில் எத்தனையோ தேதிகள் இருக்கக் கார்த்திகை நடுவில் ஒன்றைப் போட்டேன். தேதியை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. விசாரணைக்கு முன்னால் மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்தது. அன்று காலை மழை வெறித்துப் பளிச்சென்று வெயில் அடித்தது. கம்பெனி மேனேஜர் சொந்த அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சந்தனம், மிருதுவான குரல். வழியில் கடம்பூரைச் சுற்றிக்கொண்டு வந்து போளிப் பொட்டலம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். மேலதிகாரிக்குக் கடம்பூர் போளி பிடிக்கும் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். கடற்கரை வரைக்கும் தெரிந்திருந்ததுதான் ஆச்சரியம். அதிகாரி பொட்டலத்தைக் கையால் தொடாமல், எடுத்துக்கொண்டு போய்க் காரிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

ஆட்டுக்காரரும் வந்திருந்தார். நாற்காலி காட்டியும் உட்காராமல் சுவரோரம் நின்றார். மேனேஜர் அவரைப் பார்த்ததும் பழகிய மனிதரைப்போலச் சிரித்தார். "என்ன மொதலாளி, சௌக்கியமா?" என்று கேட்டார். ஆட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் சொன்னதில் ஒரு பிசிறு இல்லை. இந்த ஆள் மலைப்பக்கத்திலிருந்து மரம் வாங்கி, ஆசாரிகளை வைத்துச் சொந்த ஊரிலேயே படகு கட்டினார். கூலி குறைவு என்பதால் கம்பெனி வாங்கியது. பணம் ரொக்கமாகக் கொடுத்தோம். பில் இதோ, கையெழுத்து இதோ. ஆட்டுக்காரரிடம் கேட்டால் கையெழுத்து என்னுடையதுதான் என்கிறார். மேலதிகாரி என்னைப் பார்த்தார். முடிந்ததா என்பதுபோல இருந்தது பார்வை.

நான் மேனேஜரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். படகை ஊருக்குள்ளிருந்து எப்படி வெளியே எடுத்தீர்கள்?

லாரியில், என்றார்.

மழை மாதமாக இருக்கிறதே, தடம் எப்படி இருந்தது?

இந்தக் கேள்விக்கு அவர் மழுப்புவார், இல்லாவிட்டால் தேதி தவறிவிட்டது என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அடுத்த கேள்விகளையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவரோ, விவரம் தெரியாத பிள்ளையிடம் பேசுவதுபோலப் பரிவோடு விளக்கினார்.

"மழை பேஞ்சாத்தான சார் நல்லது? மண்ணு கெட்டிப்படும்லா. கோடையிலதான் எங்களுக்குக் கஷ்டம், டயரு பொதைஞ்சிரும். நாங்க லோடு ஏத்திட்டு மழைக்குக் காத்துக் கெடப்போம் சார். நல்லா ஒரு மழை அடிச்சா, ரோடு போட்டாப்ல ஆயிரும்."

மண்ணைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது தேரியில், கடற்கரைப் பக்கத்துச் செம்மணல் மேட்டில். அங்கே கோடையில் மணல் பொலபொலத்து வண்டியை விழுங்கும். மழை பெய்தால் இறுகித் தளம்போல ஆகும். உலகம் முழுக்க மண் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். தேதிகளை அத்தனை யோசித்துப் பொறுக்கிய மனிதர், மண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

டீ கொண்டுவந்த பியூன் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெளி ஹாலில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஆட்டுக்காரர் அன்று முதல்முறையாகத் தலையைத் தூக்கி மேனேஜரைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. பாவம், இந்த மனுஷருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற இரக்கம்தான் இருந்தது.

மேலதிகாரி ஒருவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "என்ன, எல்லாரும் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றார்.

ஸ்தலப் பரிசோதனைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது சார், போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். ஜீப் ஜில்லா அலுவலகத்துக்குப் போயிருந்தது. மேனேஜர் முந்திக்கொண்டு தன் காரிலேயே போகலாம் என்றார். மழை பெய்து வெறித்திருக்கிறது, பாதை இன்றைக்கு அருமையாக இருக்கும் என்றும் சொன்னார். அரசு அதிகாரி விசாரணைக்கு வந்தவரின் வாகனத்தில் போகலாமா என்பதற்கு ஒரு சுற்றறிக்கை உண்டு. அன்று எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

முன்னால் டிரைவரும் மேனேஜரும். பின்னால் மேலதிகாரி, நான், ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு ஆட்டுக்காரர். டிரைவரும் கடற்கரைக்காரர். இடைசெவல் வரை தார்ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போனது. தடம் பிரியும் இடத்தில் ஆட்டுக்காரர் மெல்ல வாயைத் திறந்தார்.

"ஐயா, இங்கன எறங்கி வரப்போரமா நடந்துருவமா?"

"சும்மா இருங்க மொதலாளி, லாரியே போன பாதை," என்றார் மேனேஜர்.

மேல்மண் வெயிலில் லேசாக உலர்ந்து, பார்வைக்கு நல்ல தடமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனோம். பிறகு கார் போவதை விட்டுவிட்டு ஆடத் தொடங்கியது. டிரைவர் வேகத்தைக் கூட்டினார். மணலில் அப்படித்தான் செய்வார்கள். சக்கரம் சுழலச் சுழல மண் சுருண்டு சுருண்டு மட்கார்டுக்குள் ஏறி அடைத்தது. கடைசியில் சக்கரத்துக்குச் சுற்றவும் இடமில்லாமல் போய், என்ஜின் ஒரு முறை விக்கி நின்றது. அடிப்பாகம் தரையில் உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் கறுப்பாக, மினுமினுப்பாக, எல்லை தெரியாமல் காடு. நடுவில் நாங்கள்.

மேலதிகாரி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். எடுக்கும்போது கால் மட்டும் வந்தது, ஷூ வரவில்லை. குனிந்து அதை இழுத்தார். பனங்காய் அளவு மண்ணோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபைலில் இல்லாத ஆதாரம் அது. பிறகு காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ தெரியாது. சீட்டில் கிடந்த போளிப் பொட்டலத்தை ஆட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். "இதத் திங்கலாமா ஐயா?" என்றார். எல்லாரையும் பொதுவாகவும் அதிகாரியைக் குறிப்பாகவும் கேட்டதாக எனக்குப் பட்டது. அதிகாரி ஒரு நெடுமூச்சு விட்டு, பிரியுங்கள் என்றார். எல்லாரும் சாப்பிட்டோம். மேனேஜரும் சாப்பிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஆட்டுக்காரர் மனைவி வந்தாள். தூரத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள், கார் சிக்கிக்கொண்டதைப் பார்த்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்புப் புல்மேல் காலை வைத்து வைத்து வந்து சேர்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். புருஷன் வாயில் போளி. அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேனேஜரிடம் நிதானமாகக் கேட்டாள்.

"படகு ஏத்துன லாரி போன பாதையில, சும்மா வந்த காரு போகமாட்டேங்குதோ?"

மேனேஜர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "இந்தக் கேள்வியை அப்படியே பதிவு செய்யுங்கள்," என்றார். "பதில் இல்லை என்பதையும்."

காரை எடுக்க மாடு பூட்டலாமா என்று மேனேஜர் கேட்டார். மாடும் புதையும் என்றாள் அவள். டிராக்டர்? அது இன்னும் ஆழமாகப் புதையும். தரை காயும் வரை காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் வரப்போரமாக ரோட்டுக்கு நடந்தோம். ஒவ்வொருவர் காலிலும் அரைக்காடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேனேஜர் கயத்தாறு போகும் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஊருக்குப் போனார். கார் பல நாள் அங்கேயே கிடந்தது. ஆட்டுக்காரரும் அவர் மனைவியும் கண்ணாடியை எவனும் உடைக்காமல் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

உத்தரவை மேலதிகாரியே எழுதினார். அந்த ஊரில் படகு விற்பனை நடக்கவே இல்லை. ஆட்டுக்காரர் வியாபாரியே அல்ல. முதல் விற்பனை கம்பெனியுடையது. வரியும் அபராதமும் அவர்களைச் சேர்ந்தது. கம்பெனி அப்பீல் போனது, அதற்குமேல் தீர்ப்பாயத்துக்கும் போனது. 'மேல்முறையீட்டாளரின் வாகனமே மேற்படி பாதையில் புதைந்தது' என்ற வாக்கியத்தை எந்த வக்கீலாலும் அசைக்க முடியவில்லை. அன்று காரை அசைக்க முடியாததுபோலத்தான் அதுவும்.

வள்ளத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கம்பெனி பிறகு ஒரு கடிதம் எழுதியது. அது தங்களுடைய சொத்து என்பதற்கு ரசீதும், அந்தக் கிராமத்துக்கு ஏன் அனுப்பினோம் என்பதற்கு விளக்கமும் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர்கள் எழுதவில்லை.

ஆட்டின் மேலிருந்த ஜப்தி நீங்கியது என்று சொல்ல நானே போனேன். தை மாதம். தரை காய்ந்துவிட்டது. மந்தை தெற்கே கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. உத்தரவை வாசித்துக் காட்டினேன். ஆட்டுக்காரர் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை.

"ஆடு எங்களுதுன்னு காயிதத்துல எழுதியாச்சு. சரி. ஊருக்கு யாரு சொல்லுவா?"

முன்சீப் சொல்வார் என்றேன்.

"பாக்கின்னு சொல்லும்போது தமுக்கடிச்சுல்லா சொன்னாவ? தெருத்தெருவா நின்னு சொன்னாவ. இன்னும் கப்பல் மொதலாளி, கப்பல் மொதலாளிங்காவ. இல்லன்னு சொல்லுறதையும் அதே தமுக்குல சொல்லச் சொல்லுங்க."

கூடவந்த முன்சீப், விடுவிப்புக்குத் தமுக்கு அடிக்க விதி இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை. ஜப்திக்கும் ஏலத்துக்கும் எப்படித் தமுக்கு அடிப்பது, எந்த வேளையில் அடிப்பது, எங்கெங்கே நிற்பது என்றெல்லாம் வரி வரியாக எழுதியிருக்கிறது. விட்டதை அறிவிக்க ஒரு வரி இல்லை. அரசாங்கம் எடுக்கும்போது ஊர் கேட்க வேண்டும், விடும்போது ரகசியமாக விட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானித்திருக்க மாட்டார்கள். எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் சர்வீஸில் எல்லா விதிகளையும் படித்த எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

அடிக்கக்கூடாது என்றும் விதி இல்லை என்றேன். உத்தரவின் அடியில் ஒரு வரி சேர்த்து எழுதினேன்: 'ஜப்தி எவ்விதம் பிரசித்தம் செய்யப்பட்டதோ, அவ்விதமே விடுவிப்பும் பிரசித்தம் செய்யப்பட வேண்டியது.' அதற்குக் கீழே என் கையெழுத்து. பிற்காலத்தில் தணிக்கையில் வந்தவர்கள் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, எந்த விதியின் கீழ் என்று கேட்டார்கள். பதில் தயார் செய்துகொண்டிருப்பதாகத் தெரிவித்தேன். ஓய்வு பெறும் வரை தயார் செய்துகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் தமுக்குக்காரர் வந்தார். தெருமுனையில் ஒரு முறை, கோயில் முன்னால் ஒரு முறை, பிறகு ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் வந்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மூன்றாவது முறை அடித்தார். இன்னார் படகு வியாபாரி அல்ல, அரசாங்கத்துக்குப் பாக்கி ஒன்றும் இல்லை, ஆடுகள் அவரையே சேர்ந்தவை என்று இழுத்துச் சொன்னார்.

அந்தச் சத்தத்தில் மந்தை மிரண்டுவிட்டது. முள்ளடைப்பைத் தள்ளிக்கொண்டு நாலாப்பக்கமும் சிதறி ஓடியது. ஆட்டுக்காரர் தலையில் கைவைத்தார், பிறகு கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். முன்சீப்பும் ஓடினார். நானும் என் வயதுக்குத் தகுந்தபடி கொஞ்சம் ஓடினேன். அவள் மட்டும் அவசரப்படவில்லை. கிணற்றடியில் நின்று, வாளி வாளியாக இறைத்து வள்ளத்தில் ஊற்றினாள். தாகம் எடுத்தால் எல்லாம் இங்கன தான வரும் என்றாள்.

வந்தன, ஒவ்வொன்றாக.